ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு நான் அனுப்பும் பக் ஃபிக்ஸ்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். எப்படி அனுப்பினால் ஏற்பார்கள்?

என் முதல் பேட்சும், அதாவது நான் அனுப்பிய முதல் திருத்தமும், திரும்பி வந்ததுதான். அட்டவணைத் தகவலைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி கோப்புகளைப் படிக்கும் ஒரு சின்ன லைப்ரரி. கடைசி வரி நியூலைன் (வரி முடிவுக் குறி) இல்லாமல் முடிந்தால் அந்த வரியையே விழுங்கிவிடும். நான் என்ன செய்தேன் என்றால், படிக்கத் தொடங்கும் முன்பே கோப்பின் வாலில் ஒரு நியூலைனை ஒட்டிவிட்டேன். என் கோப்பு சரியாக வந்தது, அனுப்பிவிட்டேன்.

லைப்ரரியைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏற்கெனவே நியூலைனோடு முடியும் கோப்பு என்ன ஆகும்?" ஓட்டிப் பார்த்தால் கடைசியில் ஒரு வெற்று வரிசை முளைத்திருந்தது!

அப்புறம்தான் லைப்ரரியின் நிரலை உட்கார்ந்து படித்தேன். நியூலைனைக் கண்டால் மட்டுமே கோப்பைப் படிக்கும் லூப், பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) சேர்த்ததை ஒரு வரிசையாக வெளியே தள்ளும். கோப்பு முடிந்துவிட்டால் பஃபரில் மிச்சம் இருப்பதைக் கேட்க ஆளில்லை. லூப்புக்குக் கீழே இரண்டு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. உங்கள் பேட்சுகள் திரும்பி வரக் காரணமும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: பக் தெரிந்த இடத்தில் கட்டுப்போட்டிருப்பீர்கள், அது பிறந்த இடம் வேறாக இருக்கும்.

பக் போய்விட்டதா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்ட் இல்லாமல் அனுப்பாதீர்கள். அந்த டெஸ்டை உங்கள் ஃபிக்ஸை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். அது தோற்க வேண்டும். ஃபிக்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாஸாகும் டெஸ்டை நானே எழுதி அனுப்பியிருக்கிறேன், வெட்கக்கேடு.

முந்தைய வெர்ஷனில் ஒழுங்காக ஓடியது என்றால், பக் எந்த மாற்றத்தில் (கமிட்டில்) நுழைந்தது என்று பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்ட் போடுங்கள். ஆயிரம் கமிட்டுகள் இருந்தாலும் பத்துத் தடவை சோதித்தால் குற்றவாளி சிக்கிவிடும். அந்த கமிட்டின் ஐடியை உங்கள் கமிட் செய்தியிலும் எழுதுங்கள். லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே 'ஃபிக்ஸஸ்' என்று ஒரு வரி உண்டு. ஐடியின் குறைந்தது முதல் 12 எழுத்துகளும் அந்த கமிட்டின் தலைப்பும் அதில் வரும். எந்தப் பழைய வெர்ஷன்களுக்கெல்லாம் இந்த ஃபிக்ஸ் போக வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

கமிட் செய்தியில் "பக் சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பிரயோஜனமில்லை. என்ன நடந்தது, ஏன் நடந்தது, ஏன் இந்த வழியில் திருத்தினீர்கள் என்று நாலு வரி போதும்.

அனுப்பும் முன், எந்த வரிகள் மாறின என்று காட்டும் டிஃபை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். என் எடிட்டர் சேவ் செய்யும்போதே கோப்பு முழுவதையும் ரீஃபார்மேட் செய்துவிடும். இரண்டு வரி ஃபிக்ஸ் நானூறு வரி ஸ்பேஸ் மாற்றங்களுக்குள் புதைந்து போனது. அதை யார் பொறுமையாக ரிவ்யூ செய்வார்கள்? வழியில் கண்ணில் பட்ட வேறு பக்குகளுக்கும் தனித்தனி பேட்ச்தான்.

அனுப்பிய பிறகு பதில் வரவில்லை என்றால் ஓரிரு வாரம் பொறுத்து மரியாதையாக ஒருமுறை நினைவூட்டுங்கள். பலர் வேலை முடிந்து வந்து, தூங்கும் நேரத்தில் இதைப் பார்க்கிறார்கள். ஆனால் பாதுகாப்பு ஓட்டை என்றால் கதை வேறு: பேட்சைப் பொதுவில் போடாமல், ரிப்போவில் (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் இடத்தில்) செக்யூரிட்டி என்ற பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, அதில் சொல்லியிருக்கும் வழியில் முதலில் தனியாகத் தெரிவியுங்கள்.