சமதரை ஊரில் இருந்துகொண்டு சைக்கிள் ஏற்றப் பயிற்சிக்கு மேடு தேடுவது எப்படி?

கேள்வி: ஜனவரியில் நண்பர்களோடு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சைக்கிளில் ஏறுவதாகப் பேச்சு. எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாமே சமதரை. பழகுவதற்கு அக்கம்பக்கத்திலேயே நல்ல ஏற்றம் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. நான் பெருந்துறைக்காரன். முதல் வருடம் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பெட்ரோலாவது மிச்சமாகும்.

ஏற்றப் பயிற்சி என்றால் பெயர் பெற்ற மலைக்குத்தான் போகவேண்டும் என்று நினைத்தேன். சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு ஏற்காடு, இன்னொரு ஞாயிறு கோத்தகிரி. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணி எண்ணி ஏறி, மேலே போட்டோ எடுத்து, மிளகாய் பஜ்ஜி தின்று இறங்கி வந்தால் அன்றைய நாள் காலி. நான்கு மாதத்தில் மொத்தமே ஐந்து தடவை போயிருப்பேன். ஐந்து தடவையில் கால் எங்கே தேறும்? ஒவ்வொரு முறையும் முதல் முறை ஏறுவது மாதிரியே மூச்சு வாங்கியது.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெற்கே சென்னிமலை தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. வீட்டிலிருந்து அடிவாரம் சுமார் 13 கிலோமீட்டர். சமதரையில் அரை மணி நேரம் மிதித்தால் உடம்பும் சூடாகிவிடும். மேலே முருகன் கோயில் வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டருக்குத் தார்ரோடு. விடிகாலையில் கிளம்பி, மூன்று தடவை ஏறி இறங்கி, எட்டரைக்கு வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். இதுதான் என் அளவுகோல். வார நாளில் போய்வர முடிந்தால் அது பயிற்சி மேடு, முடியாவிட்டால் அது சுற்றுலா.

எப்படித் தேடுவது என்று கேட்டீர்கள். 'குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம்' என்பார்கள். சைக்கிள்காரர்கள் இதைத் திருப்பிப்போட்டுப் படிக்கவேண்டும். முருகன் கோயில் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டால் பக்கத்துக் குன்றுகள் தானாக வந்துவிடும். அதில் கார் போகும் பாதை உள்ளவற்றை மட்டும் பொறுக்குங்கள். எங்கள் பக்கம் சென்னிமலை, காங்கேயத்துக்கு அருகே சிவன்மலை. கோவைக்காரர்களுக்கு மருதமலை. மதுரைக்காரர்களுக்கு அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலை, அதுவும் மரநிழலில். வடக்கே திருத்தணி. முருகன்தான் வேண்டும் என்றில்லை. திருச்செங்கோட்டில் அர்த்தநாரீசுவரர் மலைக்கும் வண்டிப்பாதை உண்டு. பழனியை விட்டுவிடுங்கள், அங்கே படியும் யானைப்பாதையும் விஞ்சும் ரோப்காரும்தான். தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் பெயரை நம்பி சுவாமிமலையைக் குறித்து வைத்திருந்தார். அது கட்டுமலை, அதாவது மனிதர்கள் கட்டி எழுப்பிய மேடு. மொத்தம் 60 படி.

கோயில் இல்லாத மேடுகளுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. டிவி கோபுரமோ செல்போன் கோபுரமோ குன்றின் மேல் நின்றால் அதற்கு ஜீப் போன பாதை ஒன்று இருக்கும். டவுன்பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள், டிரைவர் எந்த இடத்தில் செகண்ட் கியருக்கு இறக்குகிறாரோ அந்த இடம் நமக்கானது. கல்குவாரிக்குப் போகும் பாதைகளும் நல்ல ஏற்றமாகத்தான் இருக்கும். ஆனால் போகாதீர்கள். டிப்பர் லாரிக்கும் சைக்கிளுக்கும் ஒரே பாதை ஒத்துவராது.

சைக்கிள் ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா என்ற ஆப்பில் உங்கள் வட்டாரத்து 'செக்மென்ட்'களை, அதாவது நேரம் பார்த்து ஓட்டக் குறித்து வைத்த பாதைத் துண்டுகளைத் திறந்து பார்த்தால் மற்றவர்கள் எங்கே ஏறுகிறார்கள் என்று தெரியும். அதில் போட்டிருக்கும் ஏற்றச் சதவீதத்தை (நூறு மீட்டர் போனால் எத்தனை மீட்டர் உயர்கிறோம் என்பதை) மட்டும் அப்படியே நம்பவேண்டாம், போனில் பதிவான உயரம் சில இடங்களில் தாறுமாறாக இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் கிடைத்தால் பாருங்கள். அதில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக ஓடும். ஒரு பாதை 10 கோடுகளைத் தாண்டினால் 200 மீட்டர் உயர்ந்திருக்கிறது என்று கணக்கு. அந்தப் பாதையின் நீளம் 4 கிலோமீட்டர் என்றால் சராசரி 5 சதவீதம். அவ்வளவுதான் வித்தை. அரை மணி நேரத்தில் நான் என் வட்டாரத்தையே தடவி முடித்துவிட்டேன்.

இந்தச் சதவீதம் காலில் என்ன செய்யும் என்றும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலைத் துறை மலைப்பாதை போடும்போது சாலைக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி பொதுவாக 5 அல்லது 6 சதவீதத்தில்தான் ஏற்றுவார்கள். தவிர்க்க முடியாத துண்டுகளில் மட்டும் 7, 8 வரை அனுமதி. கொண்டை ஊசி வளைவுக்குள் 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது வளைவு என்பது பஸ் திரும்ப விட்ட இடம் மட்டுமில்லை, நமக்கு மூச்சு விட விட்ட இடமும்தான். இதையெல்லாம் பார்த்துப் போடாத பழைய பாதைகளில் கதை வேறு. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள், நடுவில் இளைப்பாற இடமே தராது. கோயில் பாதைகளிலும் கடைசித் துண்டு சட்டென்று செங்குத்தாக நிமிரும், அது நல்லதுதான்.

வளைவில் இன்னொரு நுணுக்கம். நாம் இடதுபக்கம் போகிறவர்கள். ஏறும்போது வலதுபக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிவட்டத்தில் இருப்போம். தூரம் அதிகம், ஏற்றம் குறைவு. அங்கே தண்ணீர் குடிக்கலாம். இடதுபக்க வளைவில் உள்வட்டம், நாலைந்து மீட்டருக்குச் சுவர் மாதிரி நிற்கும். வளைவுக்குப் பத்தடி முன்னாலேயே கியரை இறக்கிவிடுங்கள். உள்ளே போனபிறகு இறக்கினால் செயின் கடகடவென்று கத்தி, சில நேரம் கழன்றும் விழும். எனக்குச் சென்னிமலையில் அப்படித்தான் விழுந்தது. கையெல்லாம் கிரீசோடு குந்தி உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருந்தபோது கோயில் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. "ஏனுங் தம்பி, சைக்கிளெ மேல போட்டுட்டு ஏறிக்கறீங்ளா?" என்றார் கண்டக்டர். நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். பஸ் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் அன்றைக்கு நிறுத்தாமல் மேலே போய்ச் சேர்ந்தேன்.

அந்த மலையில் வீம்புக்கெல்லாம் இடமே இல்லை. சாமிக்குத் திருமஞ்சனத் தண்ணீரைக் காளைகள் படி வழியாகத்தான் சுமந்து போகும். 1,320 படிகள். 1984-ல் இரட்டை மாட்டு வண்டியே இந்தப் படிகளில் ஏறியது என்று ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். நாம் கியர் வைத்த வண்டியோடு தார்ரோட்டில் போகிறோம்.

கியர் என்றதும் ஒரு கணக்கு. முன்னால் சின்னப் பற்சக்கரம் 34 பல், பின்னால் பெரிய பற்சக்கரம் 32 பல் என்றால், நிமிடத்துக்கு 60 தடவை மிதித்தால் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் வரும். 6 சதவீத ஏற்றத்தில் புதிதாக ஏறுகிறவருக்கு இது சரியான வேகம். உங்கள் வண்டியில் பின்னால் 25 பல்லோடு நின்றுவிடுகிறது என்றால் கோத்தகிரிக்கு முன்னால் கேசட்டை (பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கை) மாற்றிவிடுங்கள். முட்டிவலி வந்தபிறகு ஆகும் செலவை நினைத்தால் இது சல்லிசு.

பக்கத்தில் குன்றே இல்லை என்றால்? டெல்டா நண்பர்கள் ஆற்றுப்பாலத்தையும் மேம்பாலத்தையும் சுற்றிச்சுற்றி வருகிறார்கள். ஒரு நிமிட ஏற்றத்தைப் பதினைந்து தடவை. அலுப்புத்தான், ஆனால் பலன் உண்டு. எங்கள் பக்கம் இன்னொரு வழி இருக்கிறது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. காங்கேயத்திலிருந்து பல்லடத்தை நோக்கி அந்த எதிர்க்காற்றில் மிதித்துப் பாருங்கள், சமதரையிலேயே மலை ஏறுவீர்கள். அம்மி பறக்கிற காற்றில் சைக்கிள் எம்மாத்திரம். ஒரே குறை, காற்றுக்கு உச்சி கிடையாது. 'இதோ வந்துவிட்டது' என்ற நிம்மதி வரவே வராது.

போகக் கூடாத இடத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்தில் பெரிய ஏற்றம் என்றால் பண்ணாரியிலிருந்து திம்பம், 27 கொண்டை ஊசி வளைவுகள். வரைபடத்தில் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். அது புலிகள் காப்பகம், யானையும் சிறுத்தையும் சாலைக்கு வரும் இடம். சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரையும், மற்றவற்றுக்கு இரவு 9 முதலும் தடை. காலை ஆறுக்குத் தடை நீங்கியதும், இரவெல்லாம் காத்துக்கிடந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். சைக்கிள்காரன் கிளம்புகிற நேரமும் அதுதான். நான் போவதில்லை.

கோயில் மலைகளில் கிருத்திகை, சஷ்டி, செவ்வாய்க்கிழமை வேண்டாம். தைப்பூசத்தை ஒட்டிய வாரம் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள், காவடியோடு நடந்து வருகிறவர்களின் ரோடு அது. அடிவாரத்தில் கேட் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று பூக்கடை அக்காவிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்.

இனி உங்கள் கோத்தகிரி. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல் 325 மீட்டர் அளவில். கோத்தகிரி 1,793 மீட்டர். ஏறக்குறைய 1,470 மீட்டரை 33 கிலோமீட்டரில் ஏறுகிறீர்கள், நூற்றுக்கு நாலரை. பயப்படுகிற ஏற்றம் இல்லை, நீளம்தான் ஆளைக் கொல்லும். நீங்கள் பிடித்த குன்று 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பத்துத் தடவை ஏறினால் ஒரு கோத்தகிரி. பத்தும் ஒரே நாளில் வேண்டாம். வாரம் இரண்டு நாள் மூன்று மூன்று தடவை என்று ஆரம்பித்து, டிசம்பரில் ஒரு ஞாயிறு ஏழு தடவை போய்ப் பாருங்கள். ஏழாவதில் முதல் தடவையை விட ஒன்றிரண்டு நிமிடம்தான் கூடியிருக்கிறது என்றால் ஜனவரிக்கு நீங்கள் தயார். இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாக அமுக்கிப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடித்துப் பழகுங்கள், 33 கிலோமீட்டர் இறக்கத்தில் ரிம் சுடும்.

ஜனவரி நல்ல மாதம்தான், மேலே குளிருக்கு ஒரு ஜாக்கெட் போதும். ஜூன், ஜூலை என்று எழுதியிருந்தால் தள்ளிப்போடச் சொல்லியிருப்பேன். அது கோத்தகிரிப் பாதையில் வரும் குஞ்சப்பனைப் பக்கம் பலா பழுக்கும் காலம், வாசனை பிடித்து யானைகள் ரோட்டுக்கே வந்துவிடும்.