பிரஷர் குளிசையும் பிள்ளையின் வளர்ச்சியும்

கேள்வி: எனக்கு இது தலைப்பிள்ளை, 31 வாரம் நடக்கிறது. சென்ற கிளினிக்கில் பிரஷர் 150/100 என்றும் சிறுநீரில் புரதம் இருப்பதாகவும் சொல்லி மெதில்டோபா குளிசை தந்தார்கள். வயிற்றை அளந்த மிட்வைஃப் அம்மா, 27 சென்ரிமீற்றர்தான் இருக்கிறது, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். குளிசைதான் பிள்ளையை வளரவிடாமல் செய்கிறது என்று லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) பேசுகிறார்கள். உப்பைக் குறைத்தாலே போதும் என்கிறார் மாமியார். நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், பொகவந்தலாவை

பதில்: குளிசையை நிறுத்த வேண்டாம். 20 வாரத்துக்குப் பின்னர் பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரிலும் புரதம் காணப்பட்டால், அது பிரீ-எக்லாம்ப்சியா எனும் நோய். அதன் வேர் பெரும்பாலும் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கருப்பையின் சிறு இரத்தக்குழாய்கள் ஆரம்ப மாதங்களிலேயே போதிய அளவு விரிந்துகொடுக்காவிட்டால், நஞ்சுக்கொடிக்கு இரத்தம் குறைவாகவே செல்லும். அதனால் தாய்க்குப் பிரஷர் ஏறுவதோடு, பிள்ளைக்குப் போக வேண்டிய ஊட்டமும் ஒட்சிசனும் குறைகின்றன. பிள்ளை சிறுத்திருப்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாமே தவிர, மெதில்டோபா அல்ல. அது கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வரும் மருந்து. இந்த நோய் முற்றினால் வரக்கூடிய வலிப்பைத் தடுக்க வேறு ஊசி உண்டு என்றாலும், மூளையில் இரத்தக்கசிவு ஏற்படாமல் உங்களைக் காப்பது பிரஷரைக் கட்டுப்படுத்துவதுதான். ஆனால் வீட்டில் வேறு யாருக்காவது தந்த பிரஷர் குளிசைப் பக்கற்றிலிருந்து ஒன்றையும் எடுத்துவிடாதீர்கள்: லோசார்டன், எனலாபிரில் போன்றவை வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

உப்பைக் குறைப்பதால் இந்த நோய் தீராது. பிரஷருக்குப் பயந்து சோற்றையும் பருப்பையும் முட்டையையும் குறைத்துக்கொள்வது, ஏற்கெனவே சிறுத்த பிள்ளைக்கு மேலும் ஒரு குறை. கர்ப்பிணிகளுக்குத் தரும் சத்துமாவான திரிபோஷ கிடைத்தால் அதை வீட்டாரோடு பங்குபோடாமல் நீங்களே சாப்பிடுங்கள். நம் தோட்டங்களில் அது பெரும்பாலும் எல்லோருடைய கோப்பைக்கும் போய்விடுகிறது.

24 வாரத்துக்குப் பிறகு வயிற்றின் அளவு சென்ரிமீற்றரில் ஏறக்குறைய வாரக்கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு மூன்று கூடலாம், குறையலாம். உங்களுக்கு நான்கு குறைவதால், மிட்வைஃப் சொன்ன ஸ்கேனை அடுத்த கிளினிக் நாள்வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் காட்டுங்கள். கொப்பூழ்க்கொடியில் இரத்தம் ஓடும் விதத்தை டொப்ளர் ஸ்கேனில் பார்த்துத்தான், பிள்ளையை இன்னும் எத்தனை நாள் உள்ளே விடலாம் என வைத்தியர் தீர்மானிப்பார். கடுமையான அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் பொதுவாக 37 வாரத்தில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்வார்கள். முன்னதாகவே எடுக்க நேர்ந்தால், பிள்ளையின் நுரையீரல் முதிர ஊசி போடுவார்கள்.

கடும் தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே வலி, முகவீக்கம், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மலைப்பாதையில் அம்புலன்ஸ் வந்துசேர நேரமெடுக்கும். கொழுந்து மலைக்குப் போவதை இப்போதே நிறுத்துங்கள்.

பிரசவத்துக்குப் பின் முதல் வாரத்திலும் பிரஷர் ஏறக்கூடும் என்பதால், பிள்ளை பிறந்த பின்னும் அதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கர்ப்பமானால் 12 வாரத்துக்குள்ளேயே இதை வைத்தியரிடம் தெரிவியுங்கள். அப்போது தொடங்கும் குறைந்த அளவு அஸ்பிரின் நோய் திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்கும்.