15 வயதிலேயே சீனியர் அணியில் ஆடிய சுவீடன் கால்பந்து டிஃபெண்டர் விக்டர் லிண்டலோஃப், பெரிய கிளப்பில் நிலைக்க 21 வயது வரை ஆனது ஏன்? நடுவில் போன வருடங்கள் வீண்தானே?

வீண் இல்லை. அவருடைய ஆட்ட வாழ்க்கையிலேயே மிக நன்றாகச் செலவான காலம் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கோல் அடிக்கும் ஃபார்வர்டுக்கு வைக்கும் அளவுகோலை, கோலைத் தடுக்கும் டிஃபெண்டருக்கும் வைக்கும்போதுதான் இப்படித் தோன்றும். 17 வயதுப் பையனை ஃபார்வர்டாக இறக்கினால் பத்து தடவை பந்தைப் பறிகொடுக்கலாம். பதினோராவது தடவை கோல் போட்டுவிட்டால் மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அவன் படம்தான். நடுவில் நின்று தடுக்கும் டிஃபெண்டரான சென்டர் பேக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. 89 நிமிடம் பிசகில்லாமல் ஆடிவிட்டு ஒரே ஒரு தடவை அசந்தாலும் ஆட்டம் போச்சு. பெரிய அணியின் கோச் யாரும் அந்த இடத்தில் அனுபவமில்லாத பையனை வைத்துப் பரீட்சை பார்க்க மாட்டார். ஆனால் ஆடாமல் அனுபவம் வராது. லிண்டலோஃப் இந்தச் சிக்கலைக் கடந்த விதத்தைப் பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

அவர் 1994 ஜூலை 17 அன்று சுவீடனின் வெஸ்டெரோஸ் நகரில் பிறந்தவர். ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, மேலாரன் ஏரிக்கரையில் இருக்கும் தொழில் நகரம் அது. மின்சாதனத் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே கால்பந்தைவிடப் பெரிய பெயர் பாண்டி விளையாட்டுக்கு உண்டு. பனித்தளத்தில் சறுக்குக் காலணியோடு, ஒரு பக்கத்துக்கு 11 பேர் மட்டையும் பந்தும் கொண்டு ஆடுவது அது. வெஸ்டெரோஸ் எஸ்.கே. என்ற ஊர்க் கிளப் அதில் பலமுறை தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. அதன் கால்பந்துப் பிரிவுக்கு அவ்வளவு பவிசு இல்லை. 1997இல் முதல் டிவிஷனான ஆல்ஸ்வென்ஸ்கானில் ஆடிவிட்டு இறங்கியவர்கள், மறுபடி அங்கே ஏறியது 2024இல்தான்.

ஐ.கே. ஃபிராங்கே என்ற உள்ளூர்ச் சிறு கிளப்பில் தொடங்கிய லிண்டலோஃப், பிறகு வெஸ்டெரோஸ் எஸ்.கே.வின் இளையோர் அணிக்கு வந்தார். 2009 அக்டோபரில், 15 வயதில், சீனியர் அணிக்காக முதல் ஆட்டம். அணி அப்போது மூன்றாம் டிவிஷனில் இருந்தது. இதைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். அந்த மட்டத்தில் எதிரே நிற்பவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிற வளர்ந்த ஆட்கள். தோளால் ஒரு இடி கொடுத்தால் பள்ளிக்கூடப் பையன் தடுமாறத்தான் செய்வான். தன் வயதுப் பசங்களோடு மட்டும் ஆடி வளர்கிறவனுக்கு, எங்கே நிற்க வேண்டும், எப்போது மோதாமல் ஒதுங்க வேண்டும் என்ற கணக்கு அத்தனை சீக்கிரம் வராது. 2010இல் அணி இரண்டாம் டிவிஷனான சூப்பரெத்தானுக்கு ஏறியது, 2011இல் மறுபடி இறங்கியது. ஏற்றமும் இறக்கமும் அவருக்கு 17 வயது முடிவதற்குள் வந்துபோயின.

பலர் கவனிக்காத ஒன்று: லிண்டலோஃப் ஆல்ஸ்வென்ஸ்கானில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலேயே சுவீடனை விட்டுக் கிளம்பியவர். 2011 டிசம்பரில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரப் பெரிய கிளப்பான பென்ஃபிகா அவரை ஒப்பந்தம் செய்தது. 18 வயது ஆகாதவர்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்ற ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் 16 முதல் 18 வயது வரை விதிவிலக்கு உண்டு. அதனால்தான் 17 வயதில் அவர் போக முடிந்தது. நம் பக்கத்திலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ ஒரு பையன் இதே வயதில் இதே வழியில் போக முடியாது.

போய் இறங்கியது பென்ஃபிகாவின் முதல் அணியில் இல்லை. முதலில் ஜூனியர் அணி, பிறகு பி அணி, அதாவது முதல் அணிக்கு அடுத்த படியில் இருக்கும் இரண்டாவது அணி. போர்ச்சுகலில் 2012-13 சீசனில்தான் பெரிய கிளப்புகளின் பி அணிகளை இரண்டாம் டிவிஷனில் சேர்த்துக்கொண்டார்கள். பி அணி பட்டியலில் எவ்வளவு மேலே முடித்தாலும் முதல் டிவிஷனுக்கு ஏற முடியாது. ஆனால் ஆட்டம் குறைவில்லாமல் கிடைக்கும். 2014-15இல் அந்த டிவிஷனில் 24 அணிகள், அதாவது ஒரு அணிக்கு 46 ஆட்டங்கள். எதிரே நிற்பவர்கள் சம்பளத்துக்கும் ஏற்றத்துக்கும் உயிரைக் கொடுத்து ஆடும் தொழில்முறை அணிகள். முதல் அணியின் பெஞ்சில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட ஒரு டிஃபெண்டருக்கு இது எத்தனையோ மேல். 2013 முதல் பி அணியின் கோச்சாக இருந்தவர் ஹெல்டர் கிறிஸ்டோவாவ். பென்ஃபிகாவுக்கும் போர்ச்சுகலுக்கும் சென்டர் பேக்காக ஆடியவர் அவர். ஒரு இளம் டிஃபெண்டருக்கு இதைவிடப் பொருத்தமான ஆசான் கிடைப்பது கஷ்டம்.

முதல் அணி எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 2013 அக்டோபரில் சின்ஃபாயின்ஸ் என்ற சிறு அணிக்கு எதிரான கோப்பை ஆட்டத்தில் இறக்கினார்கள். 2014 மே மாதம், பட்டம் கையில் வந்துவிட்ட பிறகு, போர்ட்டோவுக்கு எதிராக முதல் லீக் ஆட்டம். பிறகு மறுபடி பி அணிதான். அவருக்கு முன்னால் நின்றவர்களைப் பாருங்கள்: 2003 முதல் பென்ஃபிகாவில் இருந்த பிரேசில்கார கேப்டன் லூயிசாவ், அர்ஜென்டினாவின் கராய், இன்னொரு பிரேசில்காரர் ஜார்டெல். கோச் ஜோர்ஜே ஜெசூஸ். இவர்களை ஒதுக்கிவிட்டு ஒரு சுவீடன் பையனை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. அதை அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2015 ஜூன், செக் குடியரசு, 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். சுவீடன் கோச் ஹோகன் எரிக்சன் லிண்டலோஃபை ரைட் பேக்காக, அதாவது வலது ஓர டிஃபெண்டராக, ஆடவைத்தார். முதல் ஆட்டத்திலேயே ஒரு ஆள் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, 10 பேரோடு இத்தாலியை 2-1 என்று வென்றது சுவீடன். இங்கிலாந்திடம் தோல்வி. போர்ச்சுகலோடு 1-1. அரையிறுதியில் டென்மார்க்கை 4-1. ஜூன் 30 அன்று பிராகில் மறுபடி போர்ச்சுகல். பெர்னார்டோ சில்வா, ஜோவாவ் மாரியோ, வில்லியம் கர்வாலியோ என்று நட்சத்திரக் கூட்டம். அரையிறுதியில் ஜெர்மனியை 5-0 என்று துவைத்துவிட்டு வந்திருந்தார்கள். 120 நிமிடம் கோல் இல்லை.

பெனால்டியில் அணிக்கு நான்கு உதை முடிந்தபோது 3-3. சுவீடனின் நான்காவது உதையை போர்ச்சுகல் கோல்கீப்பர் ஜோசே சா தடுத்திருந்தார். ஐந்தாவது உதைக்கு வந்தவர் லிண்டலோஃப். அந்த அணியில் கோல் அடிப்பதற்கென்றே பெயர் வாங்கிய ஆட்கள் முன்பே உதைத்து முடித்திருந்தார்கள். கிளப் முதல் அணியில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே ஆடிய ஒரு டிஃபெண்டரிடம் போய் நின்றது அந்தப் பாரம். தவறவிட்டால் போர்ச்சுகலின் அடுத்த உதை பட்டத்துக்கானது. உதைத்தார், உள்ளே போனது. அடுத்து வந்த வில்லியம் கர்வாலியோவின் உதையை கோல்கீப்பர் பேட்ரிக் கார்ல்கிரென் பிடித்துத் தள்ளினார். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அந்த கர்வாலியோவுக்குத்தான் போனது. சுவீடனுக்கு அந்த வயதுப் பிரிவில் அதுவே முதல் பட்டம். 1992இல் இறுதிவரை வந்து இத்தாலியிடம் தோற்றவர்கள் அவர்கள்.

இதன்பிறகு உடனே கதவு திறந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. 2015-16 தொடக்கத்திலும் அவர் வரிசையில் பின்னால்தான். ஜெசூஸ் எதிரி முகாமான ஸ்போர்ட்டிங்குக்குப் போய்விட, ருய் விட்டோரியா புது கோச். அக்டோபரில் சொந்த மைதானத்திலேயே ஸ்போர்ட்டிங்கிடம் 0-3 என்று அடி. நவம்பரில் லூயிசாவின் கை முறிந்தது. புது வருடத்தில் இன்னொரு சென்டர் பேக் லிசாண்ட்ரோ லோபஸும் காயம். இடம் காலியானபோது, நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடிப் பழகிய ஒருவர் அடுத்த அறையிலேயே தயாராக இருந்தார். வெளியே போய்க் காசு கொடுத்து ஆள் வாங்க வேண்டிய அவசியம் வரவில்லை.

மார்ச் 5 அன்று ஸ்போர்ட்டிங்கின் மைதானத்தில் 1-0 வெற்றி, பட்டியலில் முதலிடம். அதை விடாமல் பிடித்து 88 புள்ளிகளோடு பட்டம். ஸ்போர்ட்டிங்குக்கு 86. ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் பயர்ன் மியூனிக்கை எதிர்கொண்டார்கள். நம் நேரப்படி நள்ளிரவு தாண்டித் தொடங்கிய ஆட்டம் அது. 2வது நிமிடத்தில் பயர்னின் விடால் தலையால் முட்டி கோல். முழுதாக முழிப்பதற்குள் கோல் விழுந்துவிட்டதே, இனி ஐந்தாறு வாங்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அதன்பின் ஒன்றுகூட விழவில்லை. பயர்ன் ஃபார்வர்டு லெவண்டோவ்ஸ்கிக்குப் பந்து வரும் முன்பே அந்த இடத்துக்கு வந்து நின்றுகொண்டிருந்தார் லிண்டலோஃப். தரையில் சறுக்கி விழுந்து பந்தெடுக்கும் ரகம் இல்லை அவர். காலை நீட்டாமல் பாதையை அடைத்துவிடுவார். இந்த நிதானத்தைப் பார்த்துத்தான் பனி மனிதன் என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் ஆட்டம் 2-2, பென்ஃபிகா வெளியேறியது. ஆனாலும் ஐரோப்பா முழுக்க அவர் பெயர் பரவிவிட்டது.

அதே மார்ச்சில் சுவீடன் சீனியர் அணியில் அறிமுகம், கோடையில் யூரோ 2016. அடுத்த சீசனில் லீக்கும் கோப்பையும் சேர்த்து வென்றார்கள். 2017 ஏப்ரலில் ஸ்போர்ட்டிங்குக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் அவர் அடித்த கோல்தான் அந்த ஆட்டத்தை 1-1 ஆக்கியது. ஜூனில் மான்செஸ்டர் யுனைடெட் 35 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கியது. ஃபிஃபா விதிப்படி இப்படி நாடு விட்டு நாடு போகும் தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை ஆட்டக்காரரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். சின்னக் கிளப்புகளுக்கு இது பெரிய பணம். கால்பந்து விதிகளில் நான் மனதார மதிக்கும் விதி இது.

மான்செஸ்டரில் முதல் வருடம் சிரமம்தான். 2017 அக்டோபரில் ஹடர்ஸ்ஃபீல்டில், முதல் பாதியிலேயே மாற்று ஆளாக வந்து, நீளமாக வந்த ஒரு பந்தின் போக்கைத் தவறாகக் கணித்தார். கோல் விழுந்து ஆட்டமும் போனது. 23 வயதில், உலகமே பார்க்க அது நடந்தது. இதே தவறு 18 வயதில், கோடிக்கணக்கான கண்கள் பார்ப்பதுபோன்ற அழுத்தத்தில் நடந்திருந்தால் மீண்டிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். அடுத்த மாதமே சுவீடனுக்காக இத்தாலிக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் கோல் விடாமல் காத்து, இத்தாலியை 2018 உலகக் கோப்பைக்கே வரவிடாமல் செய்தது அந்தத் தடுப்பு வரிசை. ரஷ்யாவில் காலிறுதி வரை போனார்கள். 2018, 2019 இரண்டு வருடமும் சுவீடனின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருது அவருக்கே.

இது அவர் ஒருவருக்கு நேர்ந்த அதிர்ஷ்டமும் அல்ல. இன்னொரு சுவீடன் டிஃபெண்டர் ஐசக் ஹியனைப் பாருங்கள். 1999இல் பிறந்தவர், வசலுண்ட் என்ற சின்னக் கிளப்பின் கீழ் டிவிஷன்களில் ஆடி, யூர்கோர்டன் கிளப் வழியாக 23 வயதில்தான் இத்தாலியின் வெரோனாவுக்குப் போனார். 2024 மே மாதம் அட்டலாண்டாவின் நடு டிஃபெண்டராக, 51 ஆட்டம் தோற்காமல் வந்த லெவர்குசனை 3-0 என்று வென்று யூரோப்பா லீக் வாங்கினார்.

நேரமிருந்தால் 2015 பிராக் இறுதி ஆட்டத்தின் முழுப் பதிவைத் தேடிப் பாருங்கள். பெனால்டிக்குத் தாவிவிடாமல் முதல் பாதியிலிருந்தே பார்க்க வேண்டும். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது சுவீடனின் ரைட் பேக் எங்கே நகர்கிறார், எத்தனை தடவை தலையைத் திருப்பிப் பின்னால் யார் வருகிறார் என்று பார்க்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.