ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அதை நடத்துவது யார்?

கேள்வி இது: "வருமான வரியோடு கல்விக்கென்று தனியாகப் பிடிக்கிறார்கள். வீட்டு வரியிலும் ஏதோ சேர்த்து வாங்குகிறார்கள். ஆனால் குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் கூரை ஒழுகினால் கேட்பாரில்லை. இந்தப் பள்ளியை நடத்துவது ஊராட்சியா, மாநில அரசா, மத்திய அரசா?"

வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, ஒன்றியப் பள்ளிகளிலேயே பணியாற்றி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

உங்கள் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் போடுவது மாநில அரசு. கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மதியச் சாப்பாடு சமூக நலத்துறை வழியாக வருகிறது. சாக்பீஸ், துடைப்பம், குழாய் என்று சில்லறைச் செலவுக்கு வரும் மானியம், மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் ஒரு திட்டத்திலிருந்து வருகிறது. ஒரே சுற்றுச்சுவருக்குள் இத்தனை பேருக்குப் பொறுப்பு இருப்பதால்தான் கூரை ஒழுகும்போது யாரைக் கேட்பதென்று தெரியாமல் பெற்றோர் திண்டாடுகிறார்கள்.

முதலில் சம்பளம், ஏனென்றால் பணத்தில் பெரும்பகுதி அதுதான். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்குத் தமிழ்நாடு அரசு ஒதுக்கிய தொகை 46,767 கோடி ரூபாய். இதில் பெரும்பங்கு ஆசிரியர்களின் ஊதியத்துக்கே போகிறது. "எல்லாம் வாத்தியார் சம்பளத்துக்கே போய்விட்டால் பிள்ளைகளுக்கு என்ன மிச்சம்?" என்று டீக்கடையில் பேசுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஆசிரியர் வகுப்பில் நிற்பதுதான் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதல் வசதி. அந்தச் செலவை வெட்டிவிட்டுப் பள்ளியை மேம்படுத்துவது நடக்காத காரியம்.

இந்தப் பணம் மாநிலத்தின் பொது வருவாயிலிருந்து வருகிறது. ஜி.எஸ்.டி.யில் மாநிலத்தின் பங்கு, பெட்ரோல் மீதும் மதுவின் மீதும் போடும் வரி, பத்திரப்பதிவு, வாகன வரி ஆகியவற்றோடு, மத்திய வரிகளில் நிதிக்குழு பிரித்துக் கொடுக்கும் பங்கும் சேரும். 15-ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது 4.079 சதவீதம். ஆகவே வருமான வரி கட்டுபவர்கள் மட்டும்தான் பள்ளிக்கூடத்தைத் தாங்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஊரில் பீடி சுற்றும் அம்மா கடையில் சோப்பு வாங்கும்போது கொடுக்கிற வரியிலும் அந்தப் பள்ளிக்குப் பங்கு இருக்கிறது. பள்ளியைக் கேள்வி கேட்க அவருக்கும் முழு உரிமை உண்டு.

வருமான வரியோடு பிடிக்கும் கல்வி செஸ், அதாவது வரித் தொகையின் மேல் கூடுதலாகப் போடும் வரி, வேறு கதை. 2004-இல் 2 சதவீதமாகத் தொடங்கி, 2007-இல் இன்னொரு 1 சதவீதம் கூடி, 2018 முதல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 சதவீதமாக நிற்கிறது. உங்கள் வரி 10,000 ரூபாய் என்றால் செஸ் 400 ரூபாய். சாதாரண வரியை மத்திய அரசு மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். செஸ்ஸுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அரசியலமைப்பின் 270-ஆவது பிரிவு அதைப் பகிர்வுத் தொகுப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அந்த 400 ரூபாய் டெல்லிக்குப் போய், மத்திய அரசு நடத்தும் திட்டங்களின் வழியாகத்தான் நம் ஊருக்குத் திரும்பி வர முடியும்.

வீட்டு வரி ரசீதில் நீங்கள் பார்ப்பது நூலக வரி. கிராம ஊராட்சியில் வீட்டு வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு வீதம் அதை வாங்குகிறார்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி வசூலாகும் அந்தத் தொகை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. பள்ளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. குடியாத்தம் நகராட்சிக்குள்ளோ வேலூர் மாநகராட்சிக்குள்ளோ வீடு இருந்தால், சொத்து வரிக்குள்ளேயே கல்வி வரி அடங்கியிருக்கும். 1920-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்தில் அதற்கு வேர் இருக்கிறது. நகராட்சிகளும் மாநகராட்சிகளும் அதைத் தொடக்கக் கல்வி நிதி என்று தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.

பெயரில் 'ஊராட்சி ஒன்றியம்' இருப்பதற்குக் காரணம், மாவட்ட அளவில் இருந்த ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டு 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி ஒன்றியங்கள் வந்தபோது தொடக்கப் பள்ளிகள் அவற்றின் கைக்குப் போனதுதான். அப்போது ஆசிரியர் ஒன்றியத்தின் ஊழியர். 1981 ஜூன் முதல் அவர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியர் அரசுக்குப் போனார், கட்டடம் ஒன்றியத்திடமே நின்றுவிட்டது. உங்கள் கூரைப் பிரச்சினையின் மூலம் இங்கே இருக்கிறது.

அந்தக் கூரையைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். நான் இருந்த ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பறையின் கான்கிரீட் தளத்தில் நீர் கசிந்து, பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. பிள்ளைகளை நான்காம் வகுப்போடு சேர்த்து உட்கார வைத்தோம். வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதம் எழுதினால், கட்டடம் ஒன்றியத்தைச் சேர்ந்தது, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுங்கள் என்று பதில். அங்கே கொடுத்தால், பொறியாளர் பார்த்து மதிப்பீடு போட வேண்டும், இந்த ஆண்டு நிதி முடிந்துவிட்டது என்று பதில். இது கல்வித் திட்ட நிதியில் கட்டிய அறையா, ஒன்றியம் கட்டிய அறையா என்று பழைய பதிவேட்டைத் தேடச் சொன்னவர்களும் உண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் விதிப்படி அவரவர் சரியாகவே பேசினார்கள். ஆனால் அந்த மழைக்காலம் முழுவதும் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுவதும் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கத் தொடங்கினார்கள். இடித்த இடங்களில் புதிதாகக் கட்டுவதற்காக 784 கோடி ரூபாயில் 5,351 வகுப்பறைகள் என்று அறிவித்து, 2023 பிப்ரவரியில் முதலமைச்சர் அடிக்கல் நாட்டியது நம் காட்பாடியில்தான். நல்ல காரியம். ஆனால் புதிய கட்டடம் ஒரு முறைச் செலவு. ஆண்டுதோறும் தளத்தின் மேல் குப்பையைத் தள்ளி, நீர் போகும் குழாயைச் சுத்தம் செய்ய ஆளும் காசும் இருந்திருந்தால் பாதிக் கட்டடங்களை இடித்தே இருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

அந்தச் சில்லறைக் காசுதான் தலைமையாசிரியரின் கையில் நேரடியாக வரும் ஒரே பணம். 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனது. அதன் பிறகு மத்திய அரசின் திட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வித் திட்டம் முதலியவற்றை 2018-இல் ஒன்றாக்கி 'சமக்ர சிக்ஷா' என்று வைத்தார்கள். செலவில் மத்திய அரசுக்கு 60 பங்கு, மாநிலத்துக்கு 40. பள்ளி மானியம் அதிலிருந்து வருகிறது. 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000 என்று கணக்கு. அதில் ஒரு பகுதியைச் சுகாதாரப் பணிக்கென்றே செலவிட வேண்டும்.

25,000 ரூபாயில் என்ன செய்யலாம்? ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், குழாய்த் திருகு, பூட்டு, பதிவேடுகள், குடியரசு தினத்துக்கு மிட்டாய், சுவருக்கு ஒரு கை வெள்ளை. தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரும் கையெழுத்திட்டால்தான் செலவு செய்ய முடியும். எங்கள் குழுத் தலைவராக இருந்த அம்மா பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, விரலில் ஒட்டியிருந்த தூளைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ரசீதை வரி வரியாகப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். "சார், போன தடவை இதே பூட்டு இவ்வளவு விலை இல்லையே" என்று கேட்பார். அந்தக் கேள்வியை நான் வரவேற்றேன். மேலே உள்ள தணிக்கையாளரைவிட அவருக்கு அந்தப் பூட்டின் விலை நன்றாகத் தெரியும். மானியம் பல நேரம் ஆண்டின் கடைசியில் வந்து, மார்ச்சுக்குள் செலவழித்துக் கணக்குக் காட்டு என்று நெருக்குவார்கள். ஜூனில் தேவைப்படும் பொருளுக்குத் தலைமையாசிரியர் தன் சட்டைப் பையிலிருந்து போடுவது எல்லா ஒன்றியங்களிலும் வழக்கம்.

2024-25-இல் இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒப்புக்கொண்ட 3,586 கோடியில் மத்திய அரசின் பங்கான 2,152 கோடி வராமல் நின்றது. புதிய கல்விக் கொள்கையை ஏற்று, அந்தக் கொள்கைப்படி மாதிரிப் பள்ளிகளை உருவாக்கும் 'பி.எம்.ஸ்ரீ' என்ற மத்தியத் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்றது மத்திய அரசு. மாநிலம் மறுத்து, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்று ஆளாளுக்குப் பேசலாம். ஆனால் நிறுத்தப்பட்ட பணம் யாருடையது என்று பாருங்கள். நிரந்தர ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வழக்கம்போல் வந்துவிடும். தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள், வட்டார வள மையத்திலிருந்து வந்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சிறப்பாசிரியர்கள், இயன்முறைப் பயிற்சியாளர்கள், பள்ளி மானியம் எல்லாம் தடுமாறின. கை கால் இயங்காத ஒரு குழந்தைக்கு வாரம் ஒருமுறை வரும் பயிற்சியைப் பேரம் பேசும் பொருளாக்கியது அநியாயம் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

மற்ற துறைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சீருடை சமூக நலத்துறையின் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வருகிறது. பாடநூலை அச்சிடுவது பாடநூல் கழகம். துப்புரவுப் பணியாளருக்கு ஊரக வளர்ச்சித் துறை வழியாக மிகச் சொற்பமான மாதத் தொகை. ஆதிதிராவிடர் நலத்துறைக்கு அதற்கென்று தனிப் பள்ளிகள் இருக்கின்றன. ஜவ்வாதுமலைப் பக்கம் போனால் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் வனத்துறைப் பள்ளிகளும் உண்டு. இவற்றையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவோம் என்று 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள், அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. வேலூர் நகரத்தில் கிறிஸ்தவ மிஷன் தொடங்கிய பழைய பள்ளிகளும், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் முஸ்லிம் கல்விச் சங்கங்களின் பள்ளிகளும் பல அரசு உதவி பெறுபவை. நிர்வாகம் அவர்களுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒரு நாள் இருக்கிறது: ஆகஸ்ட் 1. அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிட நிர்ணயம் செய்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று, 91 ஆனால் நான்கு. ஐந்து வகுப்பை இரண்டு பேர் நடத்தும் ஈராசிரியர் பள்ளியில் மூன்றாவது ஆள் வருவதற்கு ஒரே ஒரு பிள்ளை போதும். அதே போல, இரண்டு பிள்ளைகள் தனியார் பள்ளி வேனில் ஏறிவிட்டால் இருக்கும் ஆசிரியர் 'உபரி' ஆகி, பணி நிரவலில், அதாவது உபரி ஆசிரியரை ஆள் தேவைப்படும் பள்ளிக்கு மாற்றும் ஏற்பாட்டில், வேறு ஒன்றியத்துக்குப் போய்விடுவார். ஆசிரியர் குறைந்தால் இன்னும் நான்கு பிள்ளைகள் போவார்கள். அதே சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் கட்டணம் கட்டுவது அரசுதான். எந்தப் பெற்றோரையும் நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அரசுப் பணத்திலேயே ஊர்ப் பள்ளியை வற்றவைக்கும் இந்த ஏற்பாடு எனக்குச் சம்மதமில்லை.

இனி உங்கள் கூரை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவைக் கூட்டி, ஒழுகும் அறையின் புகைப்படத்தோடு தீர்மானம் போடுங்கள். அந்த அறையை எந்த நிதியில் எந்த ஆண்டு கட்டினார்கள் என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு அதிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கேள்வியிலேயே ஒரு பருவம் போய்விடும். மனுவை வட்டார வளர்ச்சி அலுவலர் பெயருக்கு எழுதி, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் கொடுத்து, இரண்டு இடத்திலும் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். அடுத்த கிராம சபையில் அதே தீர்மானத்தைப் படித்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுப் பணிகளுக்கு மதிப்பீடு போடும் முன்பே மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே மழை தொடங்கும்வரை காத்திருக்காமல் இப்போதே கொடுத்துவிடுங்கள்.