ஜப்பானில் பட்டம் பெறும் முன்பே வேலை உறுதியாவது ஏன்?

ஜப்பானில் படிப்பு முடிவதற்குள் வேலை கிடைத்துவிடுவதும், அமெரிக்காவில் பட்டம் பெற்ற பிறகும் பலர் வேலை தேடுவதும் ஏன் என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ஜப்பானின் பெரிய நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகத் தேர்ந்தெடுக்கின்றன. இதுவே 'ஷின்சோட்சு' முறை. மூன்றாம் ஆண்டிலேயே தேடல் தொடங்குகிறது. ஒரே மாதிரியான கறுப்பு உடையில் மாணவர்கள் நேர்காணலுக்கு நிற்பார்கள். அக்டோபர் 1 முதல் முறையான பணி உறுதி வழங்கப்படும். மார்ச்சில் பட்டம், ஏப்ரல் 1இல் பணி.

நிறுவனம் எடுப்பது நீண்டகால ஊழியரை. குறிப்பிட்ட பதவிக்கான ஆளை அல்ல. தொழிலைத் தானே கற்றுக்கொடுத்து, துறை துறையாக மாற்றிப் பழக்குவதால், இலக்கியம் படித்தவரும் வங்கியில் சேர முடிகிறது. பாடத்தைவிடப் பல்கலைக்கழகத்தின் பெயரே எடைபோடப்படுகிறது. பட்டறையில் சிறுவயதிலேயே சேர்த்துத் தொழில் பழக்குவதைப் போன்றது இது. அமெரிக்க முறையோ, குழாய் ஒழுகும்போது அந்த வேலை தெரிந்தவரை அழைப்பதைப் போன்றது. அங்கே பாடப்பிரிவும் முன் அனுபவமும் முந்தி நிற்கின்றன.

இம்முறையின் கொடுமையையும் சொல்லியாக வேண்டும்: 1990களில் பொருளாதாரம் சரிந்தபோது பட்டம் பெற்றவர்களில் பலர் அந்த ஒரே வாய்ப்பைத் தவறவிட்டு, நடுவயதிலும் நிலையற்ற பணிகளிலேயே தங்கிவிட்டனர்.

ஜப்பானியர் அனைவருக்கும் ஆயுள் முழுதும் வேலை உறுதி என்பது தவறான எண்ணம். ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நிரந்தரமல்லாத பணியில்தான் இருக்கிறார்கள்.