சம்மனில் முதலில் பிரிவு எண்ணைப் பாருங்கள்

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி மீதான ஜி.எஸ்.டி. விசாரணையில் 70-வது பிரிவின்கீழ் எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. மாதச் சம்பளக்காரன் நான், போகத்தான் வேண்டுமா? வக்கீலை உடன் வைத்துக்கொள்ளலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: போகத்தான் வேண்டும். மத்திய ஜி.எஸ்.டி. சட்டம், 2017-இன் 70-வது பிரிவு, சாட்சியம் சொல்லவோ ஆவணம் தரவோ யாரை வேண்டுமானாலும் வரவழைக்க, சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தை அதிகாரிக்குத் தருகிறது. அந்த விசாரணை நீதிமன்ற நடவடிக்கையாகவே கருதப்படும். போகாமல் இருந்தால் 122-வது பிரிவின்கீழ் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். தெரிந்தே பொய் சொன்னால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை.

மத்திய அதிகாரி அனுப்பிய சம்மன் என்றால் அதில் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். துறையின் இணையதளத்தில் அதைச் சரிபாருங்கள். 17.8.2022 தேதியிட்ட துறை அறிவுறுத்தலின்படி, ஜி.எஸ்.டி. தளத்திலேயே கிடைக்கும் ஆவணத்துக்காகச் சம்மன் அனுப்பக் கூடாது. குறித்த நாளில் போக முடியாவிட்டால், அந்த நாளுக்கு முன்பே காரணத்தை எழுதி, மருத்துவச் சீட்டு போன்ற ஆதாரத்துடன் வேறு தேதி கேளுங்கள். பேசாமல் இருந்துவிடுவதுதான் பெரிய தவறு. பொதுவாக மூன்று சம்மன் வரை பார்த்துவிட்டுத்தான் வழக்குப் போடுகிறார்கள், உங்கள் மௌனமும் அந்தக் கணக்கில் சேரும்.

வக்கீல் பக்கத்தில் உட்கார உரிமை இல்லை. சுங்க, கலால் விசாரணைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 1992-இலேயே அப்படிச் சொல்லிவிட்டது. ஆனால் மனுப்போட்டுக் கேட்டவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், பேச்சுக் காதில் விழாத இடத்தில் வக்கீல் இருக்க நீதிமன்றங்கள் அனுமதித்ததுண்டு.

ஆட்கள் சிக்குவது வாக்குமூலத்தில்தான். "முதலாளிதான் சொல்லியிருப்பார்" என்று ஊகமாகச் சொன்ன வார்த்தை, தாளில் "முதலாளி சொன்னார்" என்று ஏறிவிடும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். நினைவில்லாததற்கு, "பதிவேட்டைப் பார்த்தால் சொல்ல முடியும்" என்று சொல்லி அதையும் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால், தமிழில் படித்துக் காட்டக் கேட்டு, புரிந்த பிறகே ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். மிரட்டி வாங்கியிருந்தால் தாமதிக்காமல் எழுத்துமூலம் மறுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் கழித்து மறுத்தால் நம்ப வைப்பது கடினம்.

கேள்வி: தெருச் சண்டையைப் பார்த்த என் அப்பாவை, சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரும்படி போனில் கூப்பிடுகிறார்கள். அவருக்கு 62 வயது.
- வாசகி, மதுரை

பதில்: இங்கே விதி வேறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 179-வது பிரிவின்படி, சாட்சியை வரச்சொல்லும் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ஸ்டேஷன் எல்லையிலோ பக்கத்து ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவரைத்தான் அப்படிக் கூப்பிடலாம். 60 வயதைத் தாண்டிய ஆண், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவன், எந்த வயதுப் பெண்ணும், மாற்றுத்திறனாளி, கடும் நோயாளி ஆகியோரை அவரவர் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். பழைய சட்டத்தில் இந்த வயது 65. 2024 ஜூலை 1 முதல் 60 ஆனதால் உங்கள் அப்பாவுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. அவரே விரும்பினால் போகலாம்.

கேட்பதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனால் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. அலுவலகத்துக்கு நேர்மாறாக, போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் அவர் கையெழுத்துப் போடக் கூடாது. 181-வது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. வெற்றுத்தாளை நீட்டினாலும் அதே பதில்தான்.

கேள்வி: அமலாக்கத் துறை சம்மன் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வீடியோ காலை விட்டு நகரக் கூடாது என்கிறார்கள்.
- வாசகர், சேலம்

பதில்: உடனே துண்டியுங்கள். "டிஜிட்டல் கைது" என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பணம் அனுப்பியிருந்தால் இந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

உண்மையான அமலாக்கத் துறை சம்மன் பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் 50-வது பிரிவின்கீழ் வரும். அதை அலட்சியம் செய்ய முடியாது. மணல் குவாரி விசாரணையில் தமிழ்நாட்டின் ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்கு வந்த சம்மனைச் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தபோதும், அவர்கள் ஆஜராகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. உங்களுக்கு வந்ததில் சந்தேகம் இருந்தால், அதில் அச்சிட்ட எண்ணுக்குப் பேசாமல், துறையின் இணையதளத்தில் உள்ள எண்ணில் கேளுங்கள்.