வனுவாட்டு: காட்டுக்கொடி கட்டிக் குதிக்கும் தீவு (கேள்வி பதில்)

பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில் ஆறு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தேன். விடுமுறை விட்டால் போதும், ஏதாவதொரு தீவுக்குக் கிளம்பிவிடுவேன். அந்த நாட்டைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், அது ஒரே தீவா? எங்கே இருக்கிறது?

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பிஜிக்கு மேற்கே. சிறிதும் பெரிதுமாக 80க்கும் மேற்பட்ட தீவுகள். 1980 ஜூலை 30 வரை பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்டன. மக்கள் 3 லட்சத்துக்குச் சற்று மேல். மொழிகளோ 100க்கும் மேல். அடுத்த பள்ளத்தாக்கில் வேறு மொழி பேசுவார்கள். எல்லாருக்கும் பொது மொழி பிஸ்லாமா.

காலில் காட்டுக்கொடி கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதிக்கிறார்களே, ரப்பர் கயிறு இல்லாமல் எப்படிப் பிழைக்கிறார்கள்?

அதன் பெயர் நாங்கோல். பென்டிகோஸ்ட் தீவின் தென்பகுதி மக்களுக்கே உரிய சடங்கு. 20 முதல் 30 மீட்டர் உயரத்துக்கு மரக்கோபுரம் எழுப்புவார்கள். ஓர் ஆணிகூடக் கிடையாது, எல்லாம் காட்டுக்கொடிக் கட்டு. அடுக்கடுக்காகப் பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கும். சிறுவர்களுக்குக் கீழ்ப்பலகை, தேர்ந்தவர்களுக்கு உச்சி.

ஒவ்வொருவரின் உடல்வாகுக்கும் ஏற்றபடி கொடியைத் தேர்ந்து வெட்டுகிறார்கள். அளவெல்லாம் கண்ணளவுதான். நுனியை நார் நாராகக் கிழித்துக் கணுக்காலில் சுற்றிக் கட்டுவார்கள். குதித்தவர் கீழே வந்து கொடி விறைக்கும் அந்தக் கணத்தில், மேலே அவர் நின்ற பலகை மடாரென்று முறிந்து கீழ்நோக்கி மடங்கும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டு எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் தெரிந்தது, அது முறிய வேண்டும் என்றே முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதிர்ச்சியைப் பலகை வாங்கிக்கொள்கிறது. தரையையும் முன்கூட்டியே கொத்தி, கல் பொறுக்கி, பொலபொலவென்று வைத்திருப்பார்கள்.

குதிப்பவரின் தோளோ தலையோ மண்ணை உரச வேண்டும். அப்போதுதான் கிழங்கு நன்றாக விளையும் என்பது நம்பிக்கை. கிழங்கு என்றால், யாழ்ப்பாணத்தில் கூழ் காய்ச்சுவார்களே, அந்த இராசவள்ளி வகைதான்.

நான் பார்த்த அன்று எட்டு வயதிருக்கும் ஒரு பையன் குதித்தான். கீழே ஆடிக்கொண்டிருந்த அவன் அம்மாவின் கையில் ஒரு பழைய துணி. அவன் எழுந்து நின்றதும் அதை வீசி எறிந்தாள். பிள்ளைப் பருவம் அத்தோடு முடிந்தது என்று பொருள்.

பெண்கள் குதிப்பதே இல்லையா அண்ணா?

இல்லை தங்கச்சி, கோபுரத்தை நெருங்கவும் மாட்டார்கள். ஆனால் கதைப்படி முதலில் குதித்தவளே ஒரு பெண்தான்! தமாலி என்ற கணவனின் தொல்லை தாங்காமல் ஓடியவள் ஆலமரத்தில் ஏறினாள். அவனும் துரத்தி ஏறினான். அவள் குதித்துவிட்டாள்; பின்னாலேயே அவனும் குதித்துச் செத்தான். அவள் காலில் கொடி கட்டியிருந்தது அவனுக்குத் தெரியாது. இனி எந்தப் பெண்ணிடமும் ஏமாறக் கூடாதென்று ஆண்கள் அன்றிலிருந்து பழகினார்களாம்.

நான் சுற்றுலாத் தொழிலில் இருப்பவன். இவ்வளவு பேர் பார்க்க விரும்புவதை ஆண்டு முழுக்க நடத்தலாமே?

கூடாது. கிழங்கு முற்றும் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் கொடியில் ஈரப்பதமும் நெகிழ்வும் சரியாக இருக்கும். மற்ற மாதங்களில் அதை நம்பிக் காலைக் கட்ட முடியாது. 1974 பிப்ரவரியில் இரண்டாம் எலிசபெத் அரசி வருகிறார் என்பதற்காகப் பருவம் தவறி நடத்தினார்கள். ஒருவரின் கொடி அறுந்தது, அவர் இறந்துபோனார். விருந்தாளி யாராக இருந்தால் என்ன, தேதி குறிக்க வேண்டியது கொடிதான். உங்கள் பயணிகளை அந்த மூன்று மாதத்தில் அழைத்துப் போங்கள்.

காவா என்பது சாராயமா?

இல்லை. அது ஒரு வேர். வெற்றிலையும் மிளகும் சேர்ந்த அதே தாவரப் பேரினம். வேரை அரைத்துத் தண்ணீரில் கரைத்துப் பிழிவார்கள். சேற்று நிறம், கசப்பு, மண்வாசனை. ஒரு சிரட்டை குடித்தால் உதடும் நாக்கும் மரத்துப்போகும். கூச்சல் கிடையாது. பொழுது சாய்ந்ததும் நக்கமால் என்னும் பொதுக்கூடத்தில் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

அங்கேயும் கோலம் போடுகிறார்களாமே, உண்மையா?

உண்மை, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அம்மா இது. மணலிலோ எரிமலைச் சாம்பலிலோ முதலில் கட்டம் கீறிக்கொண்டு, ஒரே விரலால், எடுக்காமல், வளைத்து வளைத்துப் போவார்கள். தொடங்கிய இடத்தில் வந்து முடிய வேண்டும். நம் சிக்குக் கோலமேதான்! கணித ஆய்வாளர் மார்சியா ஆஷர் இரண்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மலேகுலா தீவில் ஒரு நம்பிக்கை உண்டு. இறந்தவரின் ஆவி மறு உலகத்துக்குப் போகும் வழியில் ஒரு காவல் பேய் மணற்கோலத்தின் பாதியை அழித்துவிட்டுக் காத்திருக்கும். மீதியைப் போடத் தெரிந்தால் வழி கிடைக்கும். தெரியாவிட்டால் அந்தப் பேய்க்கு இரை. ஒரு பெரியவர் ஆமை வரைந்தபோது அருகில் உட்கார்ந்து பார்த்தேன். கதை சொல்லிக்கொண்டே வரைந்தார். கதை முடிந்த இடத்தில் ஆமையும் முடிந்தது. உள்ளங்கையால் ஒரே வீச்சில் அழித்துவிட்டார்.

பிள்ளைகளோடு எரிமலை பார்க்கப் போகலாமா?

தன்னா தீவின் யாசூர் 361 மீட்டர்தான். ஜீப்பிலேயே விளிம்புக்குப் பக்கம் வரை போய்விடலாம். 1774இல் கேப்டன் குக்கை அந்தத் தீவுக்கு இழுத்ததே அதன் செந்நிற ஒளிதான் என்பார்கள். உறுமல் காதுக்கு முன் நெஞ்சில் கேட்கும். அரசின் எச்சரிக்கை நிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். வழிகாட்டி நில் என்றால் நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை நான் கூட்டிப்போக மாட்டேன்.

கடற்கரையில் இலை கட்டிய குச்சி நட்டிருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாதாமே?

அது நமேலே என்னும் மரத்தின் இலை. அவர்கள் தேசியக் கொடியில் பன்றிக் கொம்பின் நடுவே இருப்பதும் அதுதான். குச்சியில் கண்டால் அந்தப் பவளத்திட்டில் மீனோ சிப்பியோ எடுக்க ஊர்த்தலைவர் தடை போட்டிருக்கிறார் என்று பொருள். இனம் பெருகியதும் அவரே தடையை எடுத்துவிடுவார். நீங்கள் சங்கு ஒன்றைக்கூடத் தொடாமல் திரும்பி வாருங்கள். எதிரே வருபவரிடம் 'தங்க்யு துமாஸ்' என்று சொல்லுங்கள், ரொம்ப நன்றி என்று அர்த்தம்.